நாற்பது மரம்

றப்பர் ஷீட் கடைக்காரர்
கிறிஸ்மசுக்குச் சும்மா கொடுத்தது.
எண்களைவிடப் பெரிதாக
‘செல்லத்தங்கம் றப்பர்ஸ், அருமனை’ என்றிருக்கும்.
முட்கள் அந்தப் பெயரின் மேல்தான்
எந்நேரமும் நடந்துகொண்டிருந்தன,
போன செவ்வாய் இரண்டே முக்காலுக்கு
நின்றுபோகும் வரை.

நொடி முள் நிற்கவில்லை, உண்மையைச் சொன்னால்.
ஒன்பதின் பக்கத்தில்
ஏறப் பார்க்கும், முடியாமல் இறங்கும்,
மறுபடி ஏறப் பார்க்கும்,
பால் கேன் கட்டிய சைக்கிள் மாதிரி.

“சவத்தத் தூக்கிக் குப்பையில போடு” என்றார்
என் வீட்டுக்காரர் றசலையன்.
“மார்த்தாண்டத்தில நூற்றியிருபதுக்குப் புதுசு மேடிக்கலாம்.”

நூற்றியிருபது.
மரத்துக்கு மூன்று ரூபாய்.
நாற்பது மரம்.
நெற்றி விளக்கோடு, கொசுவோடு,
அட்டை ஏறிய காலோடு
களியல் சரிவில் நாற்பது தடவை குனிய வேண்டும்
ஒரு கடிகாரத்துக்கு.
அவருக்குக் கணக்கு வராது என்றில்லை.
டெம்போ ஓட்டுகிறார்,
எதையும் கிலோமீட்டரில்தான் யோசிப்பார்.

ராத்திரி சாப்பாடு முடிந்து
ஷீட் உறையவைக்கும் அலுமினியத் தட்டைக்
கழுவித் துடைத்து அதில் கவிழ்த்தேன்.
ஸ்குரூ டிரைவர் இல்லை. பால்வெட்டுக் கத்தி இருந்தது.
கறுப்புப் பெட்டியின் நான்கு கொக்கியையும்
பட்டை சீவுகிற மாதிரி
ஆழம் போகாமல் நெம்பினேன்.

பேட்டரி கக்கிய வெள்ளை
கம்பிச் சுருளில் பூத்துப் பச்சையாகியிருந்தது.
பாலில் ஊற்றுகிற ஆசிட்டில் ஒரு துளி,
நிறையத் தண்ணீர், ஒரு தீக்குச்சி.
தொட்ட இடம் சத்தமில்லாமல் நுரைத்தது.
பாலை உறையவைப்பது
இதை இளக்கவும் செய்யும் என்று
எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

உள்ளே ஐந்து வெள்ளைச் சக்கரங்கள்.
பப்பாளி விதை அளவில் ஒரு காந்தம்,
தொடுமுன்னே துள்ளிக்
கத்தி நுனியில் ஒட்டிக்கொண்டது.
பயந்து கையை உதறிவிட்டேன்,
பிறகு பாயை மடக்கித் தேடி எடுத்தேன்.
மூன்றாவது சக்கரத்தின் பல்லிடுக்கில்
ஒரு கட்டெறும்பு. காய்ந்து, முழுசாக.
இதற்காகவா நாற்பது மரம்.

நினைவில் இருந்தபடி திருப்பி அடுக்கினேன்.
பேட்டரி போட்டதும் டிக் என்றது.
சுவரில் மாட்டி, சந்தோஷத்தில்
கட்டஞ்சாயா போட்டு வந்து நிமிர்ந்து பார்த்தால்
முள் பின்னால் போகிறது.

“கொள்ளாமே!” றசலையனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
“அப்படியே விடு,
கல்யாணத்தன்னைக்குப் போய் நிக்கட்டு.”

எனக்கு வேண்டாம்.
அங்கே அவர் அம்மா
நகையில் இரண்டு பவுன் குறைகிறதென்று
மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாள்.
அதையும் தாண்டினால்
ஏழாம் கிளாசோடு என்னை நிறுத்தி
அண்டியாபீசுக்கு அனுப்பிய வருஷம்,
தோலுரிந்த பத்து விரல்.
திரும்பிப் போய் எடுத்துவர
அங்கே நான் ஒன்றும் வைத்துவிட்டு வரவில்லை.

மறுபடி கழற்றினேன்.
காந்தத்தைச் சுற்றிய தகட்டைக்
கவிழ்த்துப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.
மறித்து வைத்தேன்.
முள் ஒன்பதில் ஏறியது, பத்துக்குப் போனது.
தட்டில் ஒரு சின்ன வளையம் மிச்சம் கிடந்தது.
எங்கே இருந்ததோ.
அது இல்லாமலும் ஓடுகிறதே என்று
தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தேன்.

விடிகாலை நான்கு.
போனும் அதையே சொல்கிறது.
எழுந்து நெற்றி விளக்கைத் தேடும்போது
ஓட்டில் ஒரு துளி, இன்னொன்று,
பிறகு எண்ண முடியவில்லை.
மரம் நனைந்தால் வெட்டில்லை.
வெட்டில்லையென்றால் கூலியில்லை.

“மணி என்ன?” றசலையன் புரண்டு படுத்தார்.
சொன்னேன்.
நானும் படுத்துக்கொண்டு கேட்டுக் கிடந்தேன்,
அத்தனை மழைக்குள்ளும்
அது மட்டும் வேலைக்குப் போவதை.