ஒன்பதாவது கட்டம்

துறைமுகப் பதிவேட்டில் ஒன்பதாவது கட்டம்
நிறம்.
பெயர், நீளம், பாய், உரிமையாளன்,
எல்லாம் எழுதி முடித்தபின்
கட்டைவிரல் அகலத்தில் ஓர் இடம்.
பதினெட்டு வருடமாக அதில் நான் எழுதியவை
வெள்ளை, கறுப்பு, நீலம்.
பச்சை ஒரே ஒருமுறை,
அதுவும் விதவை தெக்லாவின் படகு.

அந்தக் கோடையில் பாரீஸிலிருந்து வந்தான்
எவரிஸ்த் லபோர்த்.
என் அலுவலக நாற்காலியை இரவல் வாங்கி
வலைகளுக்கு நடுவே போட்டு உட்கார்ந்தான்.
ஆடுகள் வந்தால் எழுந்து ஓடுவான்.
மற்றபடி சாது.

மூன்றாம் நாள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.
கடல் ரோஜா நிறத்தில் கிடந்தது.
பாய்மரங்களுக்கு ரத்தம் ஏறியிருந்தது.
கால்ட்ரிக்கின் படகு,
'வெள்ளை' என்று நானே முத்திரை குத்திய படகு,
பாதி ஆரஞ்சு, மீதி பச்சை.
இடையிடையே வெறுந்துணி,
தூரிகை மூச்சு வாங்க நின்ற இடம்போல.

"பச்சைப் பொய்" என்றேன்.
"பச்சைதான்" என்றான், திரும்பாமல்.
"இன்னும் கொஞ்சம் பச்சை போடலாம்."

கால்ட்ரிக் வந்தான்.
நெத்திலி உப்பு காயாத கையை நீட்டி
படத்தைத் தொடாமல்
காற்றிலேயே படகின் விளிம்பைத் தடவினான்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
அடிப்பான் என்றும்.
"நாலரை மணிக்கு அப்படித்தான் இருக்கும்,
கடலிலிருந்து திரும்பிப் பார்த்தால்.
கரையிலேயே இருக்கிற உமக்கு எப்படித் தெரியும்?"

ஞாயிறு பூசைக்கு அவன் வரவில்லை.
திங்களன்று துறையில் நின்ற படகு
பாதி ஆரஞ்சு, மீதி பச்சை.
தொட்டால் விரலில் ஒட்டியது.
அடுத்த வாரம் போன்ஸ்.
அப்புறம் தெக்லா,
அடி முதல் துடுப்பு வரை ஊதா,
எவரையும் கேட்காமல்.

மேலதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது:
பதிவேடும் படகுகளும் பொருந்தவில்லை.
விளக்குக.

அக்டோபரில்,
பாலாடைக்கட்டி சுற்றி வந்த செய்தித்தாளில் படித்தேன்.
பாரீஸில் கண்காட்சியாம்.
வரைந்தவர்கள் காட்டு விலங்குகளாம்.
கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம்,
ஒரு சீமாட்டி குடையை ஓங்கினாளாம்.
பட்டியலில் அவன் பெயர் கடைசிக்கு முன்னால்,
எழுத்துப் பிழையோடு.
ஆட்டுக்குப் பயந்தவன்.

நாற்காலி திரும்பி வந்துவிட்டது.
கைப்பிடிக்கு அடியில் ஒரு சிவப்புக் கட்டைவிரல்.
எண்ணெய் வைத்துத் தேய்த்தாள் என் மனைவி,
பாதியில் நிறுத்திவிட்டாள்.
ஏன் என்று நானும் கேட்கவில்லை.

வடக்குக் காற்று சாளரத்தை உலுக்கிய இரவில்
பதிவேட்டைத் திறந்தேன்.
கால்ட்ரிக். ஏழு மீட்டர். ஒரு பாய்.
நிறம்.
மைக்கூட்டில் இருந்தது கறுப்பு மட்டும்.
அடித்தேன். எழுதினேன். மறுபடி அடித்தேன்.
கடைசியில் புதுப் பக்கம் எடுத்து
அந்தக் கட்டத்தை அப்படியே விட்டேன்,
அவன் துணியை விட்டதுபோல.

விளக்கு அசைந்தது.
காகிதம் வெள்ளை என்றுதான்
அதுவரை நினைத்திருந்தேன்.