பூஜ்யம் முதல் பத்து வரை

ஓர் எண் சொல்லுங்கள் என்கிறான் ஓல்கியெர்த்,
மீசை இன்னும் தேறாத பிசியோதெரபிஸ்ட்.
பூஜ்யம் என்றால் வலியே இல்லை,
பத்து என்றால் தாங்கவே முடியாது.
மூன்று, என்கிறாள் மிர்க்கா.
போன மாதமும் மூன்று. அதற்கு முந்தின மாதமும்.
மூன்று என்றால் டிராம் ஓட்டலாம்.
நான்கு என்றால் என்ன ஆகும் என்று
அவள் யாரிடமும் கேட்டதில்லை.

போஸ்னானில் பிப்ரவரி.
தண்டவாளப் பிரிவுகளில் உப்பு தூவியிருக்கிறார்கள்.
இடது கையால் கைப்பிடியை முன்னே தள்ளினால் ஓடும்,
பின்னே இழுத்தால் நிற்கும்.
தள்ளுவது பரவாயில்லை.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் இழுக்கும்போதுதான்
அக்குளிலிருந்து முழங்கை வரை
தோலுக்கடியில் ஒரு கயிறு முறுக்கிக்கொள்கிறது.
ஒரு சுற்றுக்கு இருபத்தெட்டு நிறுத்தம்.
ஒரு நாளைக்கு ஆறு சுற்று.

மேல்கையின் உள்பக்கம் மதமதப்பு,
சட்டைத் துணி பட்டால் மட்டும் எரிச்சல்.
மழைக்கு முன்னால் குடைச்சல்.
காரணமே இல்லாமல் சில ராத்திரி
சுருக்கென்று ஒன்று, தீக்குச்சி உரசினாற்போல.
இதற்கெல்லாம் சேர்த்து எப்படி ஒரே எண்?

இல்லாத இடத்தில் அரிப்பதைப் பற்றி
அவள் இவனிடம் சொல்லவே இல்லை.
சிவப்பு விளக்கில் நிற்கும்போது அரித்தது.
சொறிந்தாள். சிலிக்கானைச் சொறிந்தாள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சைக்கிள்காரன்
பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தான்.

வயது?
நாற்பத்து நான்கு.
இளையவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும்,
என்கிறான், ஏதோ பாராட்டுவதுபோல.
எடுத்த கணுக்கள் பதினேழு.
கதிர்வீச்சு இருபத்தைந்து நாள்.
முன்பே எங்காவது வலி இருந்ததா?
இடுப்பில். பதினெட்டு வருஷ இருக்கை கொடுத்தது.
தூக்கம்?
கிங்கா வீட்டுக்கு வந்துவிட்டால் வரும்.
அவள் வந்துசேர இரண்டு மணி ஆகிறது.

அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவு
ரொம்பப் பயமாக இருந்ததா?

இதை ஏன் கேட்கிறாய்?
அதுவும் கணக்கில் உண்டு, என்கிறான் காகிதத்தைப் பார்த்தபடி,
பயந்திருந்தவர்களுக்குப் பின்னால் வலி நீடிக்கிறது.
பயந்ததற்குமா டிக்கெட்?

அந்த இரவு வார்டில் அசிட்டோன் நாற்றம்.
பக்கத்துக் கட்டில் போகுமிவா
பவழ நிறத்தில் நகம் பூசி வந்திருந்தாள்,
விரலில் கருவி மாட்ட வேண்டும் என்று
நர்ஸ் பத்தையும் துடைத்து எடுத்தாள்.
போகுமிவா அழுதது அதற்குத்தான்.
மிர்க்கா நடைபாதை ஜன்னலுக்குப் போனாள்.
கீழே கடைசி டிராம் வளைவில் வந்தது, செனோனின் வண்டி,
வழக்கம்போல் தாமதமாக பிரேக் பிடிப்பான்.
நாலாவது மாடியிலிருந்து அவனுக்காக அவள்
இடது கையைப் பின்னே இழுத்தாள், காற்றில்.
இழுத்த கை வலிக்கவில்லை.
அதைத்தான் அன்று பார்த்துக்கொண்டே நின்றாள்,
வெகுநேரம், வெறும் கையை.

இல்லை, பயமாக இல்லை, என்கிறாள்.
பிறகு:
இந்தக் காகிதம் டிப்போவுக்குப் போகுமா?
போகாது.
நிச்சயமாக?
இந்த அறையைத் தாண்டாது.

அப்படியென்றால் ஏழு.

அவன் எதுவும் சொல்லவில்லை.
மூன்றை அடிக்கவில்லை, பக்கத்தில் ஏழு எழுதினான்.
முன்பே கேட்டிருக்கலாம் யாராவது,
யார் படிக்கப் போகிறார்கள் என்பதும் வலியில் சேர்த்தியா என்று.

பிறகு சுவர்.
விரல்களால் சுவரில் ஏறச் சொல்கிறான்.
யார் யாரோ ஏறிய உயரத்துக்குப் பென்சில் கோடுகள்,
தேதியோடு.
ஆட்காட்டி விரல், நடுவிரல், ஆட்காட்டி விரல்.
கயிறு இறுகும் இடத்தில் நிற்கிறாள்.
போன வாரத்தைவிட இரண்டு விரல்கடை கீழே.

அவன் பென்சிலைப் பைக்குள் வைக்கப் போகிறான்.
போடு, என்கிறாள்,
இதையும் போடு.