கணப்பு வேலை

பத்தொன்பது வருஷமாக
இந்த ஊருக்குக் குளிர் மாட்டுகிறவன் நான்.
மஸ்கட்டில் ஏறாத மொட்டைமாடி குறைவு.
ஜனவரியில் முதலாளி கூப்பிட்டு
மலைமேல் ஸைக்கில் ஒரு வீடு, சூடு வேண்டுமாம் என்றார்.
காதில் சரியாக விழாமல்
எத்தனை டன் என்று கேட்டேன்.

பிர்கத் அல் மவ்ஸ் சாவடியில்
நாலு சக்கரமும் இழுக்குமா என்று குனிந்து பார்த்த போலீஸ்காரர்
பின்னால் கட்டிய இரும்புப் பெட்டியைத் தட்டினார்.
அடுப்பு என்றேன்.
எனக்குத் தெரிந்த அரபியில் அது ரொட்டி சுடுகிற அடுப்பு.
கடை எப்போது திறக்கிறாய் என்று கேட்டு
வழி விட்டார்.

இரண்டாயிரம் மீட்டர்.
காது அடைத்துத் திறந்து மறுபடி அடைத்தது.
இலை உதிர்த்த மாதுளைகள்
அடுக்க மறந்த விறகாய் நின்றன.
குழாயடியில் உறைந்திருந்ததை ஷொஹாக் பெயர்த்தெடுத்து
இதற்கு கேஸ் யார் நிரப்பியது என்றான்.

ஹிலால் அல் ரியாமி வீட்டில் தங்கும் அறைகள் ஏழு.
கூடத்தில் ஆள் குனிந்து நுழையலாம்போல் ஒரு கணப்பு,
முன்பிருந்தவர் ஏதோ படம் பார்த்துக் கட்டியது.
எரிகிறது. நன்றாகவே எரிகிறது.
விருந்தாளிகள்தான்
முகம் வறுபட முதுகு விறைக்க
சுட்ட அப்பளம்போல் திரும்பித் திரும்பி உட்கார்கிறார்கள்.
ஓர் இரவுக்கு இருபத்தெட்டுக் கிலோ கருவேலம்,
நிஸ்வாவிலிருந்து காசு கொடுத்து ஏற்றியது.

நெருப்பின் வாயருகே ஒரு ரசீதைப் பிடித்தேன்.
பிடுங்கிக்கொண்டு போனது.
அறையின் சூட்டையும் அப்படித்தான்
மொத்தமாக வானத்துக்கு.
ஈடாகக் கதவிடுக்கில் குளிர் வந்துகொண்டிருந்தது.
தெரிந்த கணக்குதான், தலைகீழாக.
ஜன்னலைத் திறந்துவைத்து ஏசி போடுகிறவர்களிடம்
எத்தனை சண்டை போட்டிருப்பேன்.

புகைக்கூண்டுக்குள் விளக்கை இறக்கினால்
பாதி வழித் திட்டில் ஓர் இறகுப்பந்து, காக்கை நிறத்தில்.
எங்கள் வீட்டுடையது இல்லை என்ற ஹிலால்
அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஒன்பது மீட்டர் எவர்சில்வர் குழாய்,
கம்பளி சுற்றியது, மலைப்பாம்பின் பிடிவாதம்.
மேலிருந்து விடு விடு என்று நான்,
உள்ளிருந்து ஆஷ்சே ஆஷ்சே என்று அவன்.
பெட்டியைச் செருகி
இடுக்கெல்லாம் தகடு அடைத்து
கண்ணாடிக் கதவை மாட்டும்போது அஸர் பாங்கு.

முதல் புகை கூடத்துக்குள்தான் வந்தது.
கூண்டு குளிர்ந்து கிடந்தால் அப்படித்தான்.
ஒரு செய்தித்தாளைக் கொளுத்தி மேலே காட்டினேன்.
இருமி, யோசித்து, இழுக்கத் தொடங்கியது.

ஏசிக் காற்றை அளக்கிற கருவியை
எதிர்ச்சுவரில் காட்டினேன்.
பதினொன்று.
இஷாவுக்குள் பத்தொன்பது.
விறகு ஒன்பது கிலோ, எடை போட்டே பார்த்தோம்.
கடைசி நாற்காலிக்காரர் சால்வையைக் கழற்றினார்.

ஹிலால் மட்டும் கண்ணாடி முன்னால்
சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார், ரொம்ப நேரம்.
சத்தம் எங்கே? என்றார்.
வெடிக்கும், சிணுங்கும், திடீரென்று ஒன்று சரியும்.
இது டிவியை ஊமையாக்கியதுபோல் இருக்கிறது.
கதவைத் திறந்தார். நான் மூடினேன்.
அவர் திறந்தார்.
சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் திறக்கலாம்
என்று ஒப்பந்தம் ஆனது.
பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதும்
துக்க வீட்டுக்காரர் முகம்தான்.

ரூவி கேம்ப்புக்கு வந்து சேர நடுராத்திரி.
வெளியே காற்றே குளிர்ந்து கிடக்கிறது,
அறைக்குள் ஆறு பேரும் போர்வைக்குள்,
ஏசி பதினெட்டில்.
அணைக்கப் போனேன்.
அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது அண்ணே
என்றது ஜெயசீலனின் போர்வை.

ரிமோட்டைத் தேடி
ஃபேனில் மட்டும் வைத்தேன்.
ஹிலாலின் பெட்டியிலும் அப்படி ஒரு பட்டன்
இருந்திருக்கலாம்.