ஏழாம் பாதைப் பாலை

போயா நாள். ஒட்டுசுட்டானில் தவறணைக்குப் பூட்டு.
கொறற்றி விடுதிக் கட்டிலின் கீழிருந்து
ஈரச்சாக்குச் சுற்றிய எட்டுப் போத்தில்களை
ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தாள்,
வேலையில் நாங்கள் மற்றதை எடுத்து வைக்கிற மாதிரி:
இரண்டு கை, முழங்கால் நிலத்தில், மூச்சு மெல்ல.

ஒன்பது இருந்தது.
ஒன்று போன செவ்வாய் இரவு தானாக வெடித்தது.

அப்போது பதினொரு பேரும்
சீமெந்துத் தரையில் குப்புறக் கிடந்தோம்.
ஒருத்தியும் கத்தவில்லை. அவ்வளவு பழக்கம்.
பிறகு புளித்த வாசம் வந்தது,
இருட்டில் யாரோ சிரிக்கத் தொடங்கினாள்.
நான்தான் என்று விடிந்தபிறகு சொன்னார்கள்.

குரக்கனை முளைகட்டி, தகரத்தில் காயவைத்து,
கல்லில் உடைத்து, வெந்நீரில் ஊறவிட்டு,
வேப்பம்பூ ஒரு பிடி போட்டுக் காய்ச்சி
நீலக் கலனில் ஊற்றி வாயில் பலூன் கட்டியிருந்தாள்.
எல்லாம் தொலைபேசியில் பார்த்ததாம்.
ஈஸ்ற் மட்டும் வாங்கவில்லை.
“கடையில விக்கிறது பாணுக்குக் காணும்” என்றாள்.

ஏழாம் பாதையின் முடிவில் நின்ற பாலை,
பதினாறு வருசம் மனிதக் கால் அண்டாத மரம்.
குரங்குகள் போய்வந்தன. எறும்புக்கு அங்கே பாரமில்லை.
நாங்கள் அதனடிக்குப் போய்ச்சேர நாற்பத்திரண்டு நாள்,
ஒரு நாளைக்கு ஒரு பாயளவு நிலம்.
வழியில் மிதிவெடி ஐந்து,
இடதுகாற் செருப்பொன்று,
விளிம்புடைந்த பீங்கான் கோப்பை.
எண்ணி எழுதிக் கையெழுத்து வைத்தோம்.
அன்றைக்கு ஆனி மாசம். மரம் மஞ்சளாய்ப் பழுத்திருந்தது.

முகக்கவசத்தைக் கழற்றி நிமிர்த்திப் பிடித்தாள்,
நான் கொப்பை உலுப்பினேன்.
“கழுவாதை, தோலிலதான் அவை இருக்கினம்.”
யாரை ‘அவை’ என்கிறாள் என்று
அப்போது எனக்கு விளங்கவில்லை.

மூடியைக் கிளப்பினாள்.
எல்லோரும் ஓரடி பின்னுக்கு.
நுரை எழும்பிக் கழுத்தால் வழிந்து
அவளின் மணிக்கட்டில் நின்றது.

முதலில் புளி. எலுமிச்சை இல்லை,
பழஞ்சோற்றுத் தண்ணிக்குப் பக்கத்து வீட்டுப் புளி.
அதன் பின்னால் மாட்டுப்பட்டி,
மழைக்குள் கழற்றிவிட்ட தோல் சப்பாத்து.
பாலைப்பழத்தின் இனிப்பு வருமென்று காத்திருந்தேன்.
வரவில்லை. ‘அவை’ அதைத் தின்று முடித்திருந்தன.
தோலின் துவர்ப்பு மட்டும் உதட்டில் பிசினாய் ஒட்ட,
கனநேரம் கழித்து, மறந்துபோன பிறகு,
நாக்கின் அடியில் வேப்பம்பூ.

“சத்தி வருகுது” என்றாள் புஸ்பகாந்தி.
“இன்னும் கொஞ்சம் விடு” என்று கோப்பையை நீட்டினாள்.
லிங்கேஸ்வரிக்கு ஒரு சந்தேகம்:
“இது பியரோ, கள்ளோ?”
“கள்ளெண்டால் மரம் தாறது.
இது மரத்தில குடியிருந்ததுகள் செய்தது.”

எனக்கு வேறு வேலை இருந்தது.
தொழிற்பழக்கம், என்ன செய்ய.
நாக்கை இடமும் வலமும் மெல்ல நகர்த்தி
அந்த மிடறுக்குள் இரும்பு தேடினேன்.
பதினாறு வருசம் அந்த மண்ணில் வேர்விட்ட மரமல்லவா.
ஒரு இடத்தில் இருந்தது. உறைந்துபோனேன்.
பிறகு பார்த்தால்
போத்தில் வாயில் மூடியின் துரு.

மூன்றாவது போத்திலில் நுரையே இல்லை.
அதே கலன், அதே பழம், அதே நாள்.
ஏனென்று கொறற்றிக்கும் தெரியாது.
மிச்சமான ஐந்தையும் கட்டிலின் கீழ் தள்ளி
கால்களைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினாள்.
பகிடிக்குத்தான். ஆனாலும் அன்றிரவு
ஒருத்தியும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

செவ்வாய் காலை, எட்டாம் பாதை.
கருவி கூவ, முழங்காலிட்டு
மண்ணை ஓரத்திலிருந்து சுரண்டத் தொடங்கினேன்.
வெயில் ஏறுமுன்னே வியர்த்தது.
கழுவித்தான் வைத்திருந்தாள்,
இருந்தும் அந்த முகக்கவசத்துக்குள்
என் மூச்சு திரும்பத் திரும்ப என்னிடமே வந்தது,
கொஞ்சம் புளித்து.