ஒன்பதாம் வாரத்து ஜீப்

ஒன்பது வாரம்தான் ஓடியது 'செந்தூசி'.
வியாழன் இரவு ஏழரை.
எந்த நாட்டுத் தொடரோ,
உதடு மூடிய பிறகும்
தமிழ் பேசிக்கொண்டிருந்தாள் மார்த்தா.
பள்ளிகொண்டாவில், கோதண்டம் வீட்டு டிவி
தலையில் தட்டினால்தான் நிறம் காட்டும்.

ஒன்பதாம் வாரக் கடைசியில்
உடைந்த பாலத்தின் மேல் ஜீப்பை விட்டாள்.
நான்கு சக்கரமும் காற்றில்.
எழுத்து ஓடியது.

பத்தாம் வாரம் அதே ஏழரைக்கு
கண்ணாடி போட்ட ஒருவர் வந்து
நிலக்கடலையில் டிக்கா நோய் பற்றிப் பேசினார்.
அடுத்த வாரமும் அவரே.

அந்தக் கோடையில்
பாலாற்று மணல்மேட்டிலிருந்து சைக்கிளைப் பறக்கவிட்டோம்.
அக்கரை சேர்ந்துவிடுவாள் என்றான் கோதண்டம்.
விழுவாள், ஆனால் பிக்கோவிடம் கயிறு இருக்கிறது என்றேன் நான்.
வஹீதா எதுவும் சொல்லவில்லை.
ஓட்டிக் காட்டினாள்.
முன்பல்லில் பாதி மணலோடு போயிற்று.

பிறகு வந்த தொடர்கள் ஆயிரம் நாள் ஓடின.
செத்தவன் திரும்பி வந்தான்,
மாமியார் திருந்தினாள்,
எல்லாருக்கும் எல்லாம் முடிந்தது.
ஒரு முகம் நினைவில்லை.
மார்த்தாவின் கையுறையில்
இடது கட்டைவிரல் கிழிந்திருக்கும்,
அதை என் பிள்ளைகளின் ரத்த வகையைவிடச்
சரியாகச் சொல்வேன்.

ஷார்ஜாவிலிருந்து நள்ளிரவில் கோதண்டம் அனுப்புகிறான்:
'கயிறு அஞ்சாவது வாரமே அறுந்துபோச்சுடா.'
வேறொன்றும் இல்லை, நலமா என்றுகூட.

வஹீதா ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர்.
வேலூர் டாக்டர் பல்லை ஒட்டித் தருகிறேன் என்றாராம்.
'இருக்கட்டும் சார், தொடர் முடியட்டும்.'
அவர் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டாராம்.

போன மழைக்குப் பாலாறு
நிஜமாகவே வந்தது.
விரிஞ்சிபுரம் தரைப்பாலத்தின் நடுவே
ஒரு வாய் திறந்திருந்தது.
கல்யாண வீட்டுக்குப் போகிற வழி,
பின்சீட்டில் நான், மடியில் குத்துவிளக்கு பார்சல்.
போலீஸ் கட்டிய கயிற்றுக்கு இப்பால்
ஸ்கூட்டரை நிறுத்தி
நெடுநேரம் இடைவெளியை அளந்தாள் வஹீதா.
'இருபதடி இருக்குமா?'
'இருக்கும்.'
'அவளுக்கு முப்பது.'

கயிற்றைப் பிடித்திருந்த போலீஸ்காரர்,
எங்கள் வயதுதான், தொப்பிக்கு மேல் பாலிதீன் பை,
திரும்பிப் பார்த்தார்.
'முப்பத்தஞ்சும்மா.
பிக்கோ ரெண்டு தபா சொல்வான்.'

மூன்று பேரும்
செம்மண் நிறத்தில் ஓடும் தண்ணீரைப் பார்த்தோம்.

பிறகு அவர் விசில் ஊதி
காட்பாடி வழியாகச்
சுற்றிப் போகச் சொன்னார்.