அகராதிக்காரி விடுப்பில்

ஏதென்சில், நான்காம் மாடியில்,
பதினோரு வருடமாய் முதல் எழுத்திலேயே இருக்கிறோம்.
என் மேசைக்கு வந்தது அத்ருகெதோஸ்.
பழைய காவியத்தில் கடலோடு
ஒட்டிக்கொண்டு வரும் உரிச்சொல்.
அட்டை மேல் ஆசிரியர் பென்சிலில் எழுதியிருந்தார்:
"தெமெலீனா, நான்கு வரிக்கு மேல் வேண்டாம்."

அறுவடை ஆகாதது என்றார்கள் முன்னோர்,
திராட்சை கொய்யும் வினைக்கு முன்
மறுப்பாய் ஓர் 'அ' வைத்து.
தேய்தல் என்ற வேரைத் தோண்டியவருக்கு
அது ஓயாதது, களைக்காதது.
முணுமுணுப்பது என்றார் போன நூற்றாண்டில் ஒருவர்;
அவருடைய 'அ' மறுக்காது, மிகுக்கும்.
வண்டல் இல்லாதது. வற்றாதது.
கடல் வற்றும், கருவாடு தின்னலாம் என்று
ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகள்
எங்கள் தொழிலில் இரண்டாயிரம் வருடமாய் உண்டு.

போதாததற்கு, ஓரிடத்தில்
மேல்வானத்துக்கும் இதே சொல்.
அங்கே எவன் கொடி நட்டான்?

பாடியவனுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.
அடி முடிகிற இடத்தில் வாகாய் உட்கார்ந்தது.
உட்கார்ந்ததை எழுப்புவானேன்
என்று விட்டிருப்பான்.

அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு
கலிம்னோஸ் கப்பலில் ஏறினேன். விதிப்படி தவறு.
எங்கள் தீவு பாறை.
கொய்தால் கடலைத்தான் கொய்யவேண்டும்:
கடற்பஞ்சு, முப்பது பாகத்துக்குக் கீழே,
ரப்பர்க் குழாயின் காற்றைக் கடித்துக்கொண்டு.
இருபத்தாறு வயதில் வேகமாய் மேலே வந்த அப்பா
இடுப்புக்குக் கீழே
அறுவடையாகி வந்தார்.

அண்ணன் சக்கெல்லாரிஸ் மூழ்குவதில்லை.
விரிகுடாவில் வட்ட வட்டமாய் வலைக்கூண்டுகள்.
மீனுக்குத் தீனி வீசுகிறான்.
காலையில் செத்தவற்றை எண்ணி
நோட்டில் ஏற்றவேண்டும்.

"த்ரீகோஸ் என்றால் உனக்கு என்ன?"
"திராட்சைக்குச் சொல்வது. தேனெடுக்கவும் சொல்வோம்."
"கடலுக்கு?"
"கடலுக்கு யாராவது அப்படிச் சொல்வார்களா?
நூற்றுப் பதினாறு... பதினாறா, பதினேழா?
பேச்சுக் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்."

மூன்றாம் இரவு தெற்குக் காற்று.
இரண்டு கூண்டு கிழிந்தது.
விடிந்தால் துறைமுகம் முழுக்க மீன்.
பாதிரியார் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு,
மருந்துக்கடைக்காரி கடையைப் பூட்டாமல்,
தூண்டில் இல்லாதவர்கள் சலவைக் கூடையோடு,
ஊரே இறங்கிவிட்டது.
கூண்டில் பிறந்தவற்றுக்கு ஓடத் தெரியவில்லை.
கை நிழல் விழுந்ததும்
தீனி என்று மேலே வந்தன.

அண்ணன் மட்டும் கரையில் நோட்டோடு நின்றான்.
செத்தது, விற்றது என்று
அதில் இரண்டே பத்தி.
நெடுநேரம் கழித்து
ஓரத்தில் மூன்றாவதாய் ஒரு கோடு இழுத்தான்.
தலைப்பு எழுதவில்லை.

இரவு முள்ளெடுத்து அப்பாவின் தட்டில் வைத்தேன்.
சொல்லிப் பார்த்தேன் அவரிடம்,
பழைய உச்சரிப்பில்: அத்ருகெதோஸ்.
"இன்னொரு தரம் சொல்."
சொன்னேன்.
முணுமுணுப்புக்காரர் ஜெயித்தார் என்று நினைத்தேன்.
"இது கடல் இல்லையே," என்றார் அப்பா,
"குழாயில் காற்று வருகிற சத்தம்.
நின்றுபோவதற்குக் கொஞ்சம் முன்னால்."
பிறகு எலுமிச்சை கேட்டார்.

மூலம் தெளிவில்லை என்று எழுதினேன்.
ஒரு வரிகூட நிறையவில்லை.
மிச்ச இடத்தில் எல்லாரையும் நெருக்கி உட்காரவைத்தேன்,
அறுவடை, ஓயாமை, முணுமுணுப்பு.
வானத்துக்கு இடமில்லை.

திங்கட்கிழமை ஆசிரியர்
அட்டையை விளக்கருகே தூக்கிப் பிடித்தார்.
பொருளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"இதென்ன, செதிலா?" என்றார்,
நகத்தால் சுரண்டிக்கொண்டே.