இரட்டை விசில்

நாளை காந்தி பிறந்தநாள்.
அதனால் இன்றைக்கே
மார்த்தாண்டம் முழுக்கத் தாகம்.

மேம்பாலத்துக்குக் கீழே வண்டிகள் ஊர்கின்றன.
மாடிப்படியில் பாருக்கு ஏறும் செருப்புகளும்.
உள்ளே கவுண்டர் பலகைமேல் நாற்பது கைகள்.
அதில் ஒன்றுகூட என்னுடையதில்லை.

பத்தொன்பது வருஷம் கண்டக்டர் நான்.
நீளும் கைகளை எனக்குத் தெரியும்.
தோளில் தட்டும் கை, சொடுக்கும் கை,
ஐந்நூறு ரூபாயைக் கொடிபோல் ஆட்டி
குலசேகரத்துக்கு ஒன்று கேட்கும் கை.
அவர்களையெல்லாம் கடைசிக்கு வைத்தவன் நான்,
பாவம் பார்க்காமல்.

ஆகவே ஓரமாய், தூண் பக்கம் நிற்கிறேன்
பனிக்கட்டி அள்ள அவர் திரும்பும் இடத்தில்.
பணம் எண்ணி மடித்தாயிற்று.
கேட்க வேண்டியதை வாய்க்குள் ஒருதரம் ஓட்டிப் பார்க்கிறேன்:
ரெண்டு லார்ஜ் ரம், ஒரு சோடா, ஒரு நெத்திலி வறுவல்.
ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.
சோடாவுக்கு இன்னொருதரம் கூப்பிடுகிறவனை
எந்த மனிதனும் மன்னிப்பதில்லை.

ரசாலம் என்று பெயர். இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி.
அளவுக்குப்பியைச் சுண்டுவிரல் பிடித்திருக்க
மற்ற விரல்கள் மூடி திருகுகின்றன.
"ஓய் சப்ளையர்!" என்கிறான் புதுவாட்ச் கட்டிய பையன்.
அந்தப் பக்கத்துக் காது
அப்போதே செவிடாகிவிடுகிறது அவருக்கு.

என்னைப் பார்த்தார்.
வாய் திறந்தேன்.
எனக்குப் பின்னால் நின்றவனுக்கு ஊற்றினார்.

மறுபடி பார்த்தார். மறுபடி பின்னால்.

சன்னலோர மேசையிலிருந்து டிரைவர் பொன்னையன்
"எடேய், வெள்ளம் கோர நெய்யாத்துக்கா போனே?"
என் வாய்க்குள் ரம்மும் நெத்திலியும்
ஆறிப் போயின.

அரைமணி கழித்து, பலகையைத் துடைத்தபடி
துணியிடம் பேசுவதுபோல் சொன்னார்:
"போன செவ்வா. வெட்டுமணி ஸ்டாப்பு. கடைசி வண்டி.
கையில சோத்துப்பையோட ஓடி வந்தேன்லா?
ரெண்டு விசிலு அடிச்சியளே."

ஞாபகம் இருந்தது.
பின்கண்ணாடியில் சிறுத்துக்கொண்டே போன ஒரு பை.
வண்டி பன்னிரண்டு நிமிஷம் லேட்.
விசில் வாயிலேயே இருந்தது.
அடிப்பதற்கு மூச்சுகூடச் செலவில்லை.

"படந்தாலுமூடு வரைக்கும் நடந்தேன்" என்றார்.
அதில் கோபமில்லை. தூரம் மட்டும் இருந்தது.

மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை.
ரூபாயை நீட்டி, மீதி வேண்டாம் என்றேன்.
ஈரப் பலகையில் மீதியை
நோட்டு, நாணயம் என்று வரிசையாக வைத்தார்.
"சில்லறைய எண்ணிப் பாத்துக்கிடணும்.
பெறவு வந்து கேக்கப்பிடாது."
என் வசனம். என் குரல்கூட.

பிறகு ஊற்றினார்.
கோட்டைத் தொட்டு நின்றது ரம்,
ஒரு சொட்டு கூடவுமில்லை, குறையவுமில்லை.
சோடா பொங்காமல் திறந்தது.
நெத்திலியில் எண்ணெய் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.
அதன்பின் இரண்டுமுறை, நான் கை தூக்குமுன்பே
மேசைக்கு வந்து நின்றார்.
அதுதான் தாங்க முடியவில்லை.

பதினொன்றேகால். வெட்டுமணி.
சோபனராஜின் வண்டி வந்து நிற்கிறது.
பொன்னையன் ஏறி உட்கார்ந்தாயிற்று.
நான் ஒரு கால் படியில், ஒரு கால் ரோட்டில்.

"ஒரு ஆளு வரணும்" என்கிறேன்.
"டிக்கெட் எடுத்துட்டுப் பேசும் ஓய்" என்கிறான்,
விசில் உதட்டில்.

சட்டைப்பையில் அந்த மீதி இருக்கிறது.
ஒரு ரூபாயாக எடுக்கிறேன்.
எண்ணுகிறேன்.
தப்பாக எண்ணிவிட்டதால்
முதலிலிருந்து.
ஒரு நாணயம் கைதவறிப் படிக்கடியில் உருள்கிறது,
நானே விட்டதுதான்,
குனிந்து தேடுகிறேன்.

தூரத்தில்
ஒரு ஷட்டர் இறங்கும் சத்தம்.